படிக்கும்போதே ஆராய்ச்சி: ஒரு நர்சிங் மாணவிக்கு என் பதில்

நீங்கள் கேட்டது இதுதான். பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள், ஆராய்ச்சியில் சேர ஆசை. "அதெல்லாம் கடைசி வருஷம் புராஜெக்ட் வரும்போது பார்த்துக்கலாம்" என்கிறார் ஓர் ஆசிரியர். "வார்டுல நிக்கப்போறவளுக்கு ஆராய்ச்சி எதுக்கு?" என்கிறார்கள் தோழிகள். புள்ளியியல் என்றாலே உங்களுக்குப் பயம். எங்கே தொடங்குவது, அதில் உண்மையில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மூன்றாம் ஆண்டில் உள்ளே வந்தவள். அப்போது தொடங்கியது வார்டில் வேலை பார்த்த வருடங்களிலும் விடவில்லை, இப்போது மாணவர்களுக்குக் கைடாக இருக்கும்போதும் விடவில்லை. அதனால் என் கதையையே சொல்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு வழியில் பதில் வந்துவிடும்.

மெடிக்கல் வார்டு போஸ்டிங். காலை டூட்டியில் வைட்டல்ஸ் பார்த்து சார்ட்டில் ஏற்றுவது என் வேலை. நாடித்துடிப்பு 76, 83, 91 என்று ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரத்த அழுத்தமும் மாறுகிறது. சுவாச எண்ணிக்கை மட்டும் கட்டில் கட்டிலாக 20, 20, 18, 20, 20. நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் 20, நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. 17, 19, 21 எங்கேயும் இல்லை. ஒற்றைப்படை எண்ணே இல்லாத ஒரு பத்தியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

காரணம் எளிது. முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் இரட்டைப்படை எண்தான் வரும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 என்று நான்கின் மடங்குதான் வரும். எண்ணாமலே எழுதினால் கைக்குப் பழகிய எண் வரும். ஒருவர் நிமிடத்துக்கு 22 முறை மூச்சு விடுகிறார் என்று வையுங்கள். பதினைந்து நொடியில் ஐந்தோ ஆறோதான் எண்ண முடியும். ஐந்து என்றால் 20, ஆறு என்றால் 24. பிரிட்டனில் 2017 முதல் இருக்கும் நியூஸ்2 என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம்) 12 முதல் 20 வரை சுவாசத்துக்குப் பூஜ்யம், 21 முதல் 24 வரை இரண்டு, 25ம் அதற்கு மேலும் என்றால் மூன்று. ஆக அதே நோயாளி, அதே நிமிடம், மூச்சை எந்த நொடியில் எண்ண ஆரம்பித்தோம் என்பதை வைத்து அவர் பூஜ்யமாகவோ இரண்டாகவோ ஆகிறார். நிலைமை மோசமாகப்போகிறவரின் உடம்பு முதலில் காட்டும் அடையாளங்களில் மூச்சு வேகமும் ஒன்று. அதைத்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தோம்.

அன்று இது ஆராய்ச்சிக் கேள்வி என்று எனக்குத் தெரியாது, மனசுக்குள் ஓர் உறுத்தல், அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஓர் உறுத்தல் கட்டாயம் இருக்கும். தொடங்கும் இடம் அதுதான். "நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டு வருகிற மாணவர்களிடம், போன வாரம் வார்டில் எதைப் பார்த்து "இதை ஏன் இப்படிச் செய்றாங்க?" என்று நினைத்தாய் என்று கேட்பேன். பெரும்பாலும் நல்ல தலைப்பு அதில்தான் இருக்கும்.

என் முதல் தப்பும் அங்கேயே நடந்தது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், பெயர், கட்டில் எண், சுவாச எண்ணிக்கை என்று இருபது முப்பது சார்ட்டிலிருந்து குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பெருமையாக எங்கள் ஆசிரியை மேடத்திடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "யார்கிட்ட அனுமதி வாங்கினே?" நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் சார்ட்டைத் திறக்க எனக்கு உரிமை உண்டு, என் ஆர்வத்துக்காகத் திறக்க உரிமை கிடையாது என்று விளக்கினார். பக்கங்களைத் தன் எதிரிலேயே கிழிக்கச் சொன்னார். அவமானமாக இருந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "கேள்வி நல்லா இருக்கு. முறையா செய்யலாம். அதுக்கு முன்னாடி என் வேலையில வந்து உட்காரு, கத்துக்கோ" என்றார்.

நான் உங்களுக்குச் சொல்லும் யோசனையும் அதுதான். முதல் வேலையாக உங்கள் சொந்த ஆய்வைத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆய்வில் சின்ன வேலைக்குச் சேருங்கள். உங்கள் ஆசிரியர்களில் யாராவது முதுநிலை ஆய்வேடோ பிஎச்.டி.யோ செய்துகொண்டிருப்பார்கள். வார்டில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு தணிக்கை நடத்திக்கொண்டிருக்கும். டேட்டா ஏற்ற, கட்டுரை தேட, படிவம் சரிபார்க்க ஆள் தேவைப்படாத ஆய்வே கிடையாது. போய்க் கேட்கும்போது "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். "உங்கள் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன், வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்னால் தர முடியும், பரீட்சை மாதத்தில் முடியாது, என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு நேரம் என்று சொல்கிற மாணவரை நம்பி வேலை கொடுக்க முடியும். சொன்ன மூன்று மணி நேரத்தைத் தவறாமல் கொடுங்கள். பத்து மணி நேரம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் வாரமே காணாமல் போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது அறுவை சிகிச்சைக்குப் பின் வலி பற்றிய ஓர் ஆய்வில் டேட்டா என்ட்ரி. காகிதப் படிவத்தில் இருப்பதை எக்செல்லில் ஏற்ற வேண்டும். சலிப்பான வேலை என்றுதான் நினைத்தேன். புள்ளியியல் பயம் எனக்கு விட்டுப்போனது அந்த வேலையில்தான். வலி மதிப்பெண் 0 முதல் 10 வரை. பதில் தராதவர்களுக்கு 99 என்று போடுவது அந்தப் படிவத்தின் வழக்கம். ஒருநாள் நானாகவே சராசரி போட்டுப் பார்த்தேன். நாங்கள் வார்டில் பார்த்த வலிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐம்பது பேரில் 48 பேரின் சராசரி 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டுத்தொகை 192. மீதி இரண்டு பேருக்கு 99. எக்செல்லுக்கு அது "பதில் இல்லை" என்று தெரியாது. 192 உடன் 198 சேர்ந்து 390, ஐம்பதால் வகுத்தால் 7.8. பதில் சொல்லாத இரண்டே பேர், மிதமான வலியைக் கடுமையான வலியாக மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பத்தியைப் பார்த்தாலும் முதலில் அதன் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பார்க்கிற பழக்கம் வந்தது. இன்றும் என் மாணவர்களை முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். வயது 7 என்று இருந்தால் அது 77ஆக இருக்கலாம், காகிதத்தை எடுத்துப் பார்.

புள்ளியியலில் உங்களுக்கு ஆரம்பத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான்: சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) என்ன வித்தியாசம், எப்போது எதைப் போடுவது, சதவீதம் என்றால் எதில் சதவீதம், இரண்டு குழுவை ஒப்பிடும்போது அவை ஆரம்பத்திலேயே ஒன்றுபோல் இருந்தனவா. பி மதிப்பு, சோதனைப் பெயர்கள் எல்லாம் இதற்குப் பிறகு. அவற்றைச் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். உங்கள் டேட்டா சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்களைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள்.

இனி "வார்டில் நிற்கிறவளுக்கு எதற்கு" என்ற கேள்வி. இதற்கு எனக்குக் கோபமே வரும். ஆனால் கோபத்தை விட உதாரணம் பயன்படும் என்பதால் அதையே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் படுக்கைப்புண் வராமல் இருக்கச் செவிலியர்கள் நோயாளியின் முதுகில் ஸ்பிரிட்டும் களிம்பும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்கில் செய்த வேலை அது. டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியரும் அவரோடு இருந்தவர்களும் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962இல் வந்தது. தோலின் மேல் என்ன தடவுகிறோம் என்பதால் பெரிய மாற்றம் இல்லை, அழுத்தத்தைக் குறைக்கும்படி நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதுதான் காக்கிறது என்று அது காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்ற ஐந்தையும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பிடும் நார்ட்டன் அளவுகோல் அங்கே பிறந்தது. நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அந்த அட்டவணைக்குப் பின்னால், கட்டிலருகே நின்று குறித்துக்கொண்ட ஒரு செவிலியர் இருக்கிறார்.

இன்னொன்று, உங்கள் கை தினமும் தொடும் ஐவி கேனுலா, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய். மூன்று நாளுக்கு ஒருமுறை, நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆஸ்திரேலியாவில் கிளேர் ரிக்கார்ட் என்ற செவிலியரின் தலைமையில், குயின்ஸ்லாந்து மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கப்படி மாற்றிய குழுவிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றிய குழுவிலும் ஃபிளபைட்டிஸ் (குழாய் போட்ட ரத்தநாள வீக்கம்) வந்தது ஒரே அளவு, 7 சதவீதம். எத்தனை பேர் கையில் எத்தனை வீண் குத்தல்! அந்தக் கேள்வியைக் கேட்க ஊசி போட்டுப் பழகிய கை வேண்டும், குத்தும்போது முகம் சுளிப்பதைப் பார்த்த கண் வேண்டும்.

பெரிய அளவிலும் ஒன்று சொல்கிறேன். லிண்டா எய்கன் என்ற செவிலிய ஆய்வாளரும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஒரு செவிலியர் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளி முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு அது சேர்ந்து வந்தது. "சேர்ந்து வந்தது" என்று நான் எழுதியதைக் கவனியுங்கள், "அதனால் ஆனது" என்று எழுதவில்லை. அந்த வகை ஆய்வில் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனாலும் "ஆள் போதவில்லை" என்று நாம் வார்டில் புலம்பினால் அது புலம்பலாகவே போய்விடும். எண்ணாக வைத்தால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். கிரிமியப் போர் முடிந்து திரும்பிய நைட்டிங்கேல் 1858இல் படைவீரர்களின் சாவுக் காரணங்களை வட்ட வரைபடமாகப் போட்டுக் காட்டியதும் இதற்குத்தான். காயத்தை விட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொன்னது. அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே. விளக்கேந்திய படத்தை மட்டும் நமக்குக் காட்டிவிட்டு இந்தப் படத்தைக் காட்டாமல் விட்டது பெரிய குறை என்பேன்.

என் கதைக்குத் திரும்புகிறேன். வலி ஆய்வில் அடுத்த கட்டமாக, நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்க என்னை அனுப்பினார்கள். ஒரு பாட்டி. முதல் நாள் நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். தகவல் தாளை வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே பேனாவை வாங்கிக்கொண்டு, "நீ சொன்னா சரிதான் கண்ணு, எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார். எனக்கு மகிழ்ச்சி, வேலை சீக்கிரம் முடிந்தது. மேடத்திடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அந்தம்மா ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கல. உனக்குச் சம்மதிச்சிருக்காங்க" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. யூனிஃபார்மில் நிற்கும் நம்மிடம் "மாட்டேன்" என்று சொன்னால் தண்ணீர் கேட்டால் தருவார்களோ, பெட்பேன் கேட்டால் வருவார்களோ என்று ஒரு நோயாளிக்குத் தோன்றலாம். அல்லது வெறும் பாசமாக இருக்கலாம். இரண்டுமே சம்மதம் ஆகாது. மறுநாள் வார்டில் வேலை செய்யாத வேறொருவர் போய், முழுவதும் விளக்கி, "நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் பாட்டி" என்று கேட்டார். விளங்கியதும் பாட்டி மறுத்துவிட்டார். வலியைப் பற்றித் தினமும் நான்கு முறை கேள்வி கேட்டால் வலியையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டிவரும் என்றார். எவ்வளவு சரியான காரணம்! அன்று மாலை அவருக்கு நான் வழக்கம்போல் தலை வாரிவிட்டேன். மறுத்ததால் எதுவும் மாறாது என்று தகவல் தாளில் எழுதியிருந்த வரிக்கு அதுதான் பொருள்.

இதில் செவிலியருக்குத் தனிப்பொறுப்பு உண்டு என்பதற்குக் கசப்பான வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்களை ஆய்வோடு பல வருடம் பிணைத்து வைத்தது அவர்கள் நம்பிய ஒரு செவிலியர், யூனிஸ் ரிவர்ஸ். காரில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார், வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார். மனிதர்களிடம் செய்யும் ஆராய்ச்சிக்கு நெறிகள் வகுத்து 1979இல் வந்த பெல்மான்ட் அறிக்கைக்குப் பின்னணி இந்தச் சம்பவம்தான். மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்ற மூன்றும் அதிலிருந்து வந்தவை. நோயாளி நம்மை நம்புகிறார் என்பது ஆராய்ச்சியில் நமக்குக் கிடைத்த வசதி அல்ல. நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம் அது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் நிரப்பும்போது சலிப்பாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். வினாத்தாள்களை விடுதி அறையில் உட்கார்ந்து தாங்களே நிரப்பிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் இல்லை. அறுபது பேரிடம் வாங்கச் சொன்னார்கள், போஸ்டிங் முடிந்துவிட்டது, கிடைத்தது முப்பத்தைந்து. கேட்டால் திட்டுவார்கள் என்ற பயம். மூன்று நிற பேனாவில், வேறு வேறு கையெழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி வந்தால் "முப்பத்தைந்துதான் கிடைத்தது" என்று எழுதுங்கள். குறைந்த மாதிரி ஒரு குறை, அதை ஆய்வேட்டில் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். பொய்யை யாராவது நம்பி ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினால் அதை எந்தப் பத்தியாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: முப்பத்தைந்து என்று சொல்கிற மாணவியைத் திட்டாதீர்கள்.

ஒருவழியாக நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்து என் சுவாச எண்ணிக்கைத் தணிக்கை தொடங்கியது. அனுமதி வருவதற்குள் என் மெடிக்கல் வார்டு போஸ்டிங்கே முடிந்திருந்தது. இது எல்லோருக்கும் நடக்கும், ஆகவே காலத்தைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். இந்த முறை பெயர் இல்லை, கட்டில் எண் இல்லை. ஆய்வு எண் மட்டும், அந்த எண்ணையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் மேடத்தின் அலமாரியில் பூட்டி. குறித்து முடித்தபோது நான் சந்தேகப்பட்டதுதான் வந்தது. இரட்டைப்படை எண்கள் குவிந்திருந்தன, அதிலும் 20. என் முதல் வரைவில் "செவிலியர்கள் சுவாசத்தை எண்ணுவதில்லை" என்று ஒரு முடிவு எழுதினேன். நானே கண்டுபிடித்ததுபோல் ஒரு வேகம்.

முடிவை வார்டு சிஸ்டரிடம் கொண்டுபோனபோது அவர் அமைதியாகப் படித்தார். பிறகு, "எங்களைக் குத்தம் சொல்லத்தான் வந்தியாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் என்னை ஒரு காலை டூட்டி முழுக்கத் தன் கூடவே நிற்கச் சொன்னார். நின்றேன். முழு நிமிடம் மூச்சை எண்ணத் தொடங்கிய ஒவ்வொரு தடவையும் யாரோ கூப்பிட்டார்கள். டிரிப் தீர்ந்தது, லேபிலிருந்து ஆள், ஒரு டிஸ்சார்ஜ், ஒரு வாந்தி. அந்த வார்டில் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம்கூட இல்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் மெஷின் சொல்லிவிடும், மூச்சை மனிதர்தான் எண்ண வேண்டும். ஒரு நிமிடம் என்பது அங்கே எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

முடிவை அழித்துவிட்டு வேறு எழுதினேன். எண்ணுவதற்கான நேரமும் கருவியும் வார்டில் இருக்கிறதா என்ற கேள்வியாக அது மாறியது. சிஸ்டரிடம் பேசாமல் அச்சுக்குப் போயிருந்தால் நான் உண்மையான எண்களை வைத்துக்கொண்டே தவறான ஒன்றைச் சொல்லியிருப்பேன். இதனால்தான் டேட்டா எங்கிருந்து வந்ததோ அந்த மனிதர்களிடம் முடிவை முதலில் காட்டுங்கள் என்று வற்புறுத்துகிறேன். கடிகாரத்துக்கு சிஸ்டரே எழுதிக் கொடுத்தார், என் அட்டவணையை இணைத்து. சில வாரங்களில் சுவரில் ஒன்று மாட்டினார்கள். அதனால் ஒற்றைப்படை எண்கள் வந்தனவா என்று நான் திரும்பப் போய் எண்ணவில்லை. அது இன்றும் எனக்கு ஒரு வருத்தம்.

மாணவர் மாநாட்டில் போஸ்டர் போட்டேன். ஒரு பெரியவர் வந்து நின்று படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 20 எல்லாம் நிஜமாவே 20 இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" நான் திகைத்தேன். சார்ட்டில் இருந்ததை எண்ணினேனே தவிர, அதே நேரத்தில் நோயாளியின் மூச்சை நான் தனியாக எண்ணவில்லை. எண்கள் குவிவது சந்தேகத்துக்கு நல்ல காரணம், ஆனால் ஒவ்வொரு 20ம் தவறு என்று அது நிரூபிக்காது. "தெரியாது சார்" என்றேன். "அப்போ அடுத்த ஆய்வு அதுதான்" என்று சொல்லிப் போய்விட்டார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி கிடைத்தது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது "இவர்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது, அது மருந்துக் கம்பெனி ஆள் கொடுக்கும் துண்டறிக்கை வரைக்கும் எனக்குப் பயன்படுகிறது.

அந்தக் கேள்வியை நர்சிங் ஆய்வேடுகளில் மிகவும் பழகிப்போன ஒரு வடிவத்தின் மேல் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவுக்கு முன்தேர்வு, பிறகு ஒரு கற்பித்தல் நிகழ்ச்சி, ஒரு வாரத்தில் அதே வினாத்தாளில் பின்தேர்வு, அறிவு கூடியது என்று முடிவு. சொல்லிக்கொடுத்ததையே கேட்டால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? ஒப்பிட வேறு குழு இல்லை, மூன்று மாதம் கழித்து நினைவிருந்ததா என்று பார்க்கவில்லை, அந்த அறிவால் யாராவது கையை நன்றாகக் கழுவினார்களா என்றும் தெரியாது. கடைசி வருடம் இதையே உங்களுக்கும் கொடுக்கக்கூடும். கொடுத்தால் ஒரு ஒப்பீட்டுக் குழுவாவது சேர்க்க முடியுமா, அறிவுக்குப் பதில் செயலை அளக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

கட்டுரை படிப்பது பற்றி ஒரு சொல். முதல் கட்டுரை எனக்கு மூன்று மாலைகள் பிடித்தது, அகராதியோடு. சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முதல் அட்டவணைக்குப் போங்கள், யாரிடம் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். உங்கள் வார்டு நோயாளிகள் அவர்களைப்போல் இருக்கிறார்களா? பிறகு முறையியல். விவாதப் பகுதி கடைசியில். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இலவசம், ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்தின் சுருக்கங்களும் இலவசம், நர்சிங் கட்டுரைகளுக்கான சினால் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கலாம். நூலகரைப் பழக்கம் செய்துகொள்ளுங்கள், தேடல் சொற்களை அமைப்பதில் அவர் ஒரு மணி நேரத்தில் கற்றுத்தருவதைத் தனியாகக் கற்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஜோட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் கட்டுரையிலிருந்தே சேமித்து வாருங்கள்.

கட்டுரையில் பெயர் வருமா என்று உங்கள் மனதில் ஓடும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். டேட்டா ஏற்றியதற்கு மட்டும் ஆசிரியர் பட்டியலில் இடம் கிடைக்காது, நன்றியுரையில் பெயர் வரும், அது நியாயம்தான். வடிவமைப்பிலோ பகுப்பாய்விலோ பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு ஏற்பது ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் ஆசிரியர் என்பது மருத்துவ இதழ்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி. "பணம் கட்டுங்கள், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் திறக்கவே வேண்டாம்.

"கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்ற ஆசிரியரோடு வாதாட வேண்டாம். அவருக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். வேறொருவரிடம் கேளுங்கள், அவரும் மறுத்தால் மூன்றாமவரிடம். அதற்குள் ஒரு சின்ன நோட்டு வாங்கி, டூட்டி முடிந்து வந்ததும் அன்று உறுத்திய ஒன்றை மட்டும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நோயாளியின் பெயர், கட்டில் எண், சார்ட்டில் இருந்தது எதுவும் வேண்டாம், உங்கள் கேள்வி மட்டும். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்து, திரும்பத் திரும்ப வந்திருக்கும் கேள்வி எதுவோ அதோடு அந்த மூன்றாமவரின் கதவைத் தட்டுங்கள்.